ஒரு பெயர், பல பெரியார்கள்



இராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியேறும் நேரத்தில் "காதர் பாய்!" என்று ஒருவர் குரல் கொடுத்தால், நான்கைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்பெயரின் முழு வடிவம் அப்துல் காதிர். 'பேராற்றலுடையவனின் அடியான்' என்பது அதன் பொருள். 'அப்து' என்பதை உதறிவிட்டுக் 'காதர்' என்று மட்டும் அழைப்பது, அடியானை மறைத்துவிட்டு எஜமானனின் திருநாமத்தை மனிதனுக்குச் சூட்டுவதாகும் என ஆலிம்கள் பலமுறை எச்சரித்துள்ளனர். நம் வாய்ப்பழக்கம்தான் திருந்தியபாடில்லை.

இப்பெயர் நம்மிடையே இத்துணை பரவியதற்குக் காரணமானவர்கள், பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 561இல், அதாவது கி.பி. 1166இல் மறைந்தார்கள். அவர்களின் பெயரால் அமைந்த காதிரிய்யா தரீக்கா தமிழகக் கடற்கரை ஊர்களில் வேரூன்றியபோது, அப்பெயரும் வீட்டுக்கு வீடு குடிபுகுந்தது.

வியப்பு என்னவெனில், அப்பெயரைத் தாங்கிப் புகழ்பெற்ற தமிழகப் பெரியார்கள் பலரை நாம் அப்பெயரால் அறிவதில்லை. வடசென்னை மக்களுக்கு மிக நெருக்கமானவர் குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்கள். அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் கல்வி கற்றார்கள். கற்பித்த ஆசிரியர் தைக்கா சாஹிபு என்று அழைக்கப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்கள். ஆசிரியரும் அப்துல் காதிர், மாணவரும் அப்துல் காதிர்! பின்னர் துறவு பூண்டு சென்னைக்கு வந்து, 1838இல் மறைந்து, இராயபுரம் பகுதியில் அடங்கினார்கள். ஜீலானி (ரஹ்) அவர்கள் மீது முகியித்தீன் சதகம் பாடியவர்களும் இவர்களே.

தொண்டியிலிருந்து வந்த 'தொண்டியார்' வாழ்ந்ததால்தான் தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்று நம்மவர் பெருமையுடன் கூறுவதுண்டு. அன்பின் மிகுதியால் பிறந்த பேச்சு அது. கிழக்கிந்தியக் கம்பெனி 1693இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் பெற்ற கிராமங்களுள் தண்டையார்பேட்டையும் ஒன்று. மஸ்தான் சாஹிபு பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவ்வூர்ப் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. பெரியாரின் மேன்மைக்கு ஊர்ப் பெயரின் துணை வேண்டியதில்லை.

அவர்கள் சென்னையில் வாழ்ந்த அதே காலத்தில், அல்ஜீரியாவில் இன்னொரு அப்துல் காதிர் 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டார். 1860இல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது, அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காத்தவரும் அந்த அமீர் அப்துல் காதிரே.

மீண்டும் கீழக்கரைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் இயற்பெயரும் ஷெய்கு அப்துல் காதிர்தான். அப்பெயரே தமிழ் நாவில் தேய்ந்து 'சீதக்காதி' ஆயிற்று என்பர். செத்தும் கொடுத்தான் என்று உலகம் புகழும் அவ்வள்ளலின் தூண்டுதலால்தான், உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார். காப்பியம் நிறைவேறும் முன்னரே வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார்.

அதன்பின் நெடுங்காலம் அக்காப்பியம் ஓலைச்சுவடிகளிலேயே கிடந்தது. அதனை ஆராய்ந்து அச்சேற்ற முன்வந்தவர், 'புலவர் நாயகம்' என்றும் சேகனாப் புலவர் என்றும் போற்றப்பட்ட காயல்பட்டினத்து ஆலிம் ஒருவர். ஜீலானி (ரஹ்) அவர்கள் மீது குத்புநாயகமும், நாகூர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் மீது திருக்காரணப் புராணமும் பாடியவர். நாகூர் நாயகத்தின் இயற்பெயரும் சையிது அப்துல் காதிர் என்பதை இங்கு நினைவில் கொள்க. 1842இல் சீறாப்புராணம் அச்சில் வெளிவந்தது. ஓர் அப்துல் காதிர் தொடங்கி வைத்த பணியை அச்சு வாகனம் ஏற்றிய அந்தச் சேகனாப் புலவரின் இயற்பெயர், ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை.