மூப்பும் மெய்ம்மையும்: குவாண்டம் காலத்தில் எண்மக் கையொப்பமிட்ட ஆவணங்கள்

தாள் ஆவணத்துக்கு மூப்பு ஒரு வலிமை. 30 ஆண்டு பழைய ஆவணம் முறையான காவலிலிருந்து வந்தால், அதிலுள்ள கையொப்பம் உண்மையானதென நீதிமன்றம் அனுமானிக்கலாம். மின்பதிவுக்கு இந்தக் காலம் 5 ஆண்டே. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. மறையீட்டியலின் நிலையோ நேர்மாறானது: எண்மக் கையொப்பம் நாள்பட நாள்பட நலியும். இந்த முரணைத் தீர்க்காமல் கையொப்ப முறையை மட்டும் மாற்றுவது முழுமையான ஆயத்தம் ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியிலிருந்து கையொப்பமிடும் தனிச்சாவியைக் கணித்துவிடும் என்பதற்கான வழியை 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணினி வந்தால் இன்று பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையும் நீள்வட்ட வளைவு முறையும் ஒருசேர வீழும். இன்று திருடிச் சேர்த்த மறைசெய்தியை நாளை உடைக்கலாம் என்பதால் மறையீட்டை இப்போதே மாற்றும் அவசரம் உண்டு. கையொப்பத்துக்கு அந்த அவசரம் இல்லை என்பது பரவலான கருத்து. இணையத் தொடர்பின்போது ஒரு நொடியில் சரிபார்த்து முடியும் கையொப்பத்துக்கு அது சரி. கிரையப் பத்திரத்துக்குச் சரியன்று. 2045-இல் தனிச்சாவியைக் கணித்தவர் 2025 தேதியிட்டுப் போலிப் பத்திரம் தயாரித்தால், கணிதச் சோதனை அதை ஏற்கும். பொதுச்சாவி யாருடையது என்று காட்டும் சான்றிதழ் காலாவதியாகியிருப்பதும் காவாது. போலியின் தேதி சான்றிதழ் செல்லுபடியான நாளாகவே இருக்கும். உண்மையாகக் கையொப்பமிட்டவரும் ‘அது போலி’ என்று மறுக்க வழி பிறக்கும்.

தீர்வுக்கு அடித்தளம், எந்தக் கோப்பையும் கைரேகை போன்ற குறுகிய மதிப்பாகச் சுருக்கும் ஹேஷ் சார்பு. ஷோரின் வழிமுறை அதைத் தொடாது. குரோவரின் குவாண்டம் தேடல் வழிமுறை தரும் வேகமும் 256 பிட் ஹேஷைக் கவிழ்க்கப் போதாது. எனவே ஆவணம், கையொப்பம், சான்றிதழ்த் தொடர், ரத்துநிலைத் தகவல் ஆகியவற்றை ஒன்றாக ஹேஷ் செய்து, குவாண்டம் தாங்கும் காலமுத்திரையைப் பழைய முறை உடையுமுன் இட வேண்டும். முத்திரையின் முறை நலியத் தொடங்கும் முன்பே அடுத்த முத்திரை அதன்மேல் ஏற வேண்டும். இந்தச் சங்கிலியை 2007-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4998 என்னும் இணையத் தர ஆவணம் வரையறுத்துள்ளது.

அளவு பெருகும் என்பது நியாயமான மறுப்பு. பி-256 நீள்வட்ட வளைவுக் கையொப்பம் 64 பைட். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்ட குவாண்டம் தாங்கும் தரங்களில் எம்.எல்-டி.எஸ்.ஏ.-65 கையொப்பம் 3,309 பைட். ஹேஷை மட்டுமே நம்பும் எஸ்.எல்.எச்-டி.எஸ்.ஏ. குறைந்தது 7,856 பைட். பி.டி.எஃப். கோப்பில் கையொப்பத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் மென்பொருள்களையும் யூ.எஸ்.பி. டோக்கன்களையும் இதற்கேற்ப மாற்றியாக வேண்டும். ஆயினும் காப்பகத்தில் இந்தச் சுமை சிறிது. ஆவணங்களின் ஹேஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே ஹேஷில் முடியும் மெர்க்கிள் மரமாக அடுக்கினால், பல லட்சம் பத்திரங்களுக்கு ஒரே காலமுத்திரை போதும்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எண்மக் கையொப்பத்துக்குக் கேட்பது சமச்சீரற்ற மறையீட்டு முறையும் ஹேஷ் சார்பும். புதிய முறைகளும் அவ்வகையே. சாட்சியச் சட்டத்தின் 5 ஆண்டு விதியும் ‘அனுமானிக்கலாம்’ என்றே சொல்கிறது, ‘அனுமானிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் சீர்திருத்தத்துக்கு இடம் இருக்கிறது. 5 ஆண்டு கடந்தது என்பதற்காக அன்றி, முத்திரைச் சங்கிலி அறுபடாதது என்பதற்காக மின்பதிவு நம்பப்பட வேண்டும். அப்போதுதான் மூப்பு அதற்கும் வலிமையாகும்.