சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வில் மோரும் பானகமும்

மன்னர்கள் ஆண்ட ஆண்டுகளும் போர்கள் நிகழ்ந்த களங்களும் வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. வெயிலில் உழைத்துத் திரும்பிய ஒருவன் தாகம் தீர எதனைப் பருகினான் என்னும் செய்தியோ அந்நூல்களில் எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் தொழில், குடும்ப நிலை, மொழி ஆகியவற்றை உணர்த்துவதற்கு அச்சிறு செய்தி பெரிதும் துணை செய்யும். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை மோரையும் பானகத்தையும் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயகத்து மரபு

தமிழகம் வெப்பம் மிக்க நாடு. ஆதலின் தாகம் தணித்தல் அங்கே வீட்டுக் கடமையாகவும் அறச்செயலாகவும் போற்றப்பட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில், விடியற்பொழுதில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்கும் ஆய்மகளைக் காண்கிறோம். அவள் மோருக்கு மாற்றாகத் தானியம் பெறுகிறாள். நெய்யை விற்றுப் பொன் வாங்க மறுத்து, எருமையையும் பசுவையும் வாங்குகிறாள். கடைந்தவள் ஒரு பெண். கடையும் இடம் அவள் வீடு. இதனை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு இதுவே அடிப்படை.

சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் போற்றும் அப்பூதியடிகள், திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தவர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தண்ணீர்ப் பந்தலுக்கு விடப்பட்ட நிவந்தங்கள் குறிக்கப்படுகின்றன. வழிப்போக்கர் யாவராயினும் அவர்க்கு நீர் வார்ப்பது அறம் என்பது அன்றைய கொள்கை.

வெறும் நீரோடு இம்மரபு நின்றுவிடவில்லை. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் சேர்த்த பானகமும், இஞ்சியும் கறிவேப்பிலையும் மணக்கும் நீர்மோரும் இராமநவமியன்று பெருமாள் கோயில்களில் படைக்கப்பட்டு அடியார்க்கு வழங்கப்படுகின்றன. ஆந்திர நாட்டு மங்களகிரியில் நரசிம்மருக்குப் பானகமே படையல். உழவர் குடிகளில் பழஞ்சோற்று நீராகாரம் காலை உணவாகவும் பானமாகவும் விளங்கியது. பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் புளிக்காமல் பதநீர் ஆகும். சுண்ணாம்பு இல்லையேல் புளித்துக் கள்ளாகும். ஒரே மரம், ஒரே சாறு. சிறிது சுண்ணாம்பே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தண்ணீரை விலைக்கு வாங்கிய நகரம்

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வாணிக நிலையம் அமைத்த நாள்முதல் தமிழர் இங்கு வரலாயினர். வணிகர் வந்தனர், தொழிலாளர் வந்தனர். 1825ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். சாலைகளும் கட்டடங்களும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. சிங்கப்பூர் கைதிகளை வைக்கும் இடமாக இருந்த நிலை 1873ஆம் ஆண்டில் முடிவுற்றது.

அந்நாளைய நகரில் நல்ல நீர் எளிதில் கிடைக்கவில்லை. கிணற்று நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து விற்றனர். சைனாடவுன் பகுதிக்கு இன்றும் வழங்கும் கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயர் 'தண்ணீர் வண்டி' எனப் பொருள்படும். சீன மொழிப் பெயரும் 'மாட்டு வண்டித் தண்ணீர்' என்பதே. நகருக்கு நல்ல நீர் கொணர வேண்டுமென்று சீன வள்ளல் டான் கிம் செங் 1857ஆம் ஆண்டில் 13,000 வெள்ளி வழங்கினார். ஆயினும் 1870களின் இறுதியில்தான் குழாய் நீர்த் திட்டம் நிறைவெய்தியது. அவர் நினைவாக 1882ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற நீரூற்றை இன்றும் காணலாம்.

தண்ணீரே அரிதாக இருந்த அந்நகருக்கு 1854ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது என்பது வியப்பூட்டும் செய்தியாகும். வாம்போவா எனப் பெயர்பெற்ற ஹூ ஆ கேயும் அவருடைய கூட்டாளியும் ஆற்றங்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை நடத்தினர். செல்வர் பனிக்கட்டி இட்டுக் குளிரப் பருகிய அந்நாளில், தெருவில் கல் உடைத்த தொழிலாளி வண்டித் தண்ணீரையே நம்பியிருந்தான்.

மாடு வந்தது, மனை வரவில்லை

சிராங்கூன் சாலைப் பகுதி அன்று புல்லும் நீரும் நிறைந்த தாழ்நிலம். அங்கே கால்நடை வாணிகம் செழித்தது. கண்டாங் கெர்பாவ் என்னும் பெயருக்கு 'எருமைத் தொழுவம்' என்பது பொருள். பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு ஆகிய தெருப் பெயர்களும் அதனையே நினைவூட்டுகின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் அங்கே கால்நடை வாணிகத்தில் பெயர் பெற்றார். தமிழர் பலர் மாடு மேய்த்தனர், வண்டி ஓட்டினர், பால் கறந்து வீடுதோறும் ஊற்றினர்.

பால் இருந்தது. அப்படியாயின் மோரும் தடையின்றி இருந்திருக்க வேண்டுமன்றோ? இங்குதான் நாம் கருதிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. அந்நாளில் வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். மனைவியையும் தாயையும் ஊரில் விட்டு, கூலி வரிசை வீடுகளில் பலராகக் கூடித் தங்கியவர்கள். இரவில் பாலுக்கு உறை ஊற்றி, காலையில் கடைந்து, வருவோர்க்கு வார்ப்பதற்கு மனை வேண்டும். மாடு கப்பலேறி வந்தது, மனை வரவில்லை.

ஆகவே அவ்வாடவரின் தாகத்தைக் கடைகளே தீர்த்தன. மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் போதும் என்பதால் நீராகாரம் மட்டும் அவர்களோடு தங்கியது. மற்றபடி, பகலில் இனிப்புக் கட்டிப்பால் கலந்த தேநீர், மாலையில் தென்னங்கள். கள்ளுக்கடை தொழிலாளர் பலரின் ஊதியத்தை விழுங்கியது. அவர்களைக் குறை கூறுவோர், வீடற்றவனுக்கு வேறு கூடம் எங்கே இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்திய முஸ்லிம்கள் நடத்திய 'சரபத்' கடைகள் இதே காலத்து மரபிலிருந்து எழுந்தவை. இஞ்சித் தேநீருக்குப் பெயர்பெற்ற இக்கடைகள் 1950களில் வாட்டர்லூ தெருவில் பலரையும் கவர்ந்தன. 'ஷர்பத்' என்னும் சொல் அரபு மொழியில் பருகுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் சர்பத்து ஆயிற்று. சிங்கப்பூரிலோ அதுவே இஞ்சித் தேநீர்க் கடையின் பெயராயிற்று. ஒரு குவளையோடு ஒரு சொல்லும் கடல் கடக்கிறது என்பதற்கு இது சான்று.

குடும்பங்களின் வருகை

1932ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். கல்வி, தமிழ், குடும்ப வாழ்வு ஆகியவற்றோடு குடிப்பழக்கத்தை விடுதலும் அக்காலச் சீர்திருத்தவாதிகள் வற்புறுத்திய கருத்தாகும். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதைத் தடை செய்தது. வந்து போகும் கூலியாக இருந்த தமிழன் இங்கேயே வேரூன்றிக் குடும்பம் அமைக்கும் காலம் மெல்லப் பிறந்தது. போருக்குப் பின்னர் மகளிரும் சிறுவரும் மிகுதியாக வந்தனர்.

அவர்களோடு மத்தும் வந்தது, அம்மியும் வந்தது. கம்பத்து வீடுகளில் சிலர் பசுவும் ஆடும் வளர்த்தனர். தயிர் உறைதல் சிங்கப்பூரின் வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரத்து வேலையே. கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லாத இந்நாட்டில், தாயகத்தில் சித்திரைக்கு உரியதாக இருந்த நீர்மோர் ஆண்டு முழுதும் அடுக்களைக்கு உரியதாயிற்று. ஒரு நூற்றாண்டுக் காலம் கடையில் தீர்ந்த தாகம் மீண்டும் வீட்டில் தீரத் தொடங்கியது. இம்மாற்றத்தைச் செய்தவர்கள் பெயர் அறியப்படாத மகளிர். கல்வெட்டில் அவர்கட்கு இடமில்லை. வரலாற்றில் இடம் உண்டு.

பந்தலும் புட்டியும்

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் 1855ஆம் ஆண்டில் வாங்கப்பெற்ற நிலத்தில் நரசிம்மப் பெருமாள் கோயிலாகத் தோன்றி, பின்னர் சீனிவாசப் பெருமாள் கோயில் என்னும் பெயர் பெற்றது. டேங்க் ரோட்டில் செட்டியார்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சார்ந்தது. தைப்பூசத்தன்று முன்னதிலிருந்து பின்னதற்குக் காவடியும் பால்குடமும் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் அமைவது வழக்கம். அப்பூதியடிகளின் அறம் கடல் கடந்து இச்சாலையில் நிலைபெற்றது எனலாம்.

மறுபுறத்தில் புட்டிப் பானங்களும் வளர்ந்தன. ஜான் ஃப்ரேசர், டேவிட் நீவ் ஆகிய இருவரும் 1883ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சோடா நீர்த் தொழிலைத் தொடங்கினர். 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் உரிமை பெற்ற கோலிப் புட்டி தமிழகத்தின் சிற்றூர்கள்வரை பரவி, கோலி சோடா ஆயிற்று. வண்ணப் பானத்திற்குத் தமிழர் இட்ட பெயர் 'கலர்'. விருந்தினர்க்குக் கலர் வாங்கித் தருவது மதிப்பு என்றும், மோர் வார்ப்பது எளிமை என்றும் ஓர் எண்ணம் பரவியது. 1960ஆம் ஆண்டில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நல்ல குடியிருப்புகளைத் தந்தது. வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டியும் வந்தது. அதனுள் மோர்ச்சட்டியின் இடத்தைப் புட்டிகள் பிடித்தன. பந்தல்களிலும் அண்டாவும் அகப்பையும் இருந்த இடத்தில் அட்டைப் பெட்டிப் பானங்கள் புகுந்தன.

செய்முறை

மாணவர் பொருட்டு இரு பானங்களின் செய்முறையை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். ஒரு குவளைத் தயிருக்கு மூன்று குவளை நீர் சேர்த்து, மத்தினால் நுரை பொங்கக் கடைதல் வேண்டும். மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட்டு, நசுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, சிறிது பெருங்காயம், உப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் நீர்மோர் ஆகும். பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிப்பு அமிலமாக மாற்றுவதே தயிர் உறைதலின் அறிவியல். வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே ஈடு செய்வதால் உழைப்போர்க்கு இது ஏற்றது.

பானகத்திற்கு ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய் சேர்த்தல் போதும். வெல்லமும் சர்க்கரையே, மரபு என்பதற்காக அளவு மீறுதல் தகாது. இவ்வளவில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இராது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பெட்டிகளிலும் புட்டிகளிலும் அடைத்த பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் என்னும் தரக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உடையவை கடைநிலையாகிய 'டி' பிரிவைச் சாரும். கடைப் பானத்தின் அளவை அரசு நிறுத்துப் பார்க்கலாம். வீட்டுப் பானத்தின் அளவோ வார்ப்பவர் கையில் உள்ளது.

பொங்கோலும் மொழியும்

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடகிழக்காகச் சென்றால், அது மேல் சிராங்கூன் சாலையாகி, பொங்கோலை நோக்கி நம்மை இட்டுச் செல்லும். மீனவர் குடில்களும் பண்ணைகளும் இருந்த அவ்வூர், 1996ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி அடுக்குமாடி நகரமாயிற்று. தமிழ்க் குடும்பங்கள் பல இன்று அங்கு வாழ்கின்றன. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் அவ்வீடுகளில் மாடும் இல்லை, மத்தும் அரிது. ஆயினும் தயிர் உண்டு, இஞ்சி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வீடு உண்டு. நம் முன்னோர்க்குக் கிட்டாத அந்த ஒன்று இன்று நமக்கு வாய்த்திருக்கிறது.

வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் சிங்கப்பூர் இந்தியரின் பங்கு 2010ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் அது 27.9 விழுக்காடாகக் குறைந்தது. தமிழாசிரியர்க்கு இச்செய்தி கவலை தருவது இயல்பே. உறை ஊற்றுதல், கடைதல், திரளுதல், வடிகட்டுதல், தாளித்தல் ஆகிய வினைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கலாம். ஆனால் அவை நிலைபெறும் இடம் அடுக்களையே. 'மத்து' என்னும் சொல்லைப் படம் காட்டி விளக்கும் நிலை வந்தபின், கண்ணன் வெண்ணெய் உண்ட பாடல்களை மாணவர் எவ்வாறு சுவைப்பர்?

எனவே, தமிழ் மாணவன் ஒவ்வொருவனும் மாணவி ஒவ்வொருத்தியும் தம் பாட்டியிடமோ தாயிடமோ தந்தையிடமோ நீர்மோர் செய்யும் முறையைக் கேட்டு, தம் கையால் செய்து, அம்முறையைத் தமிழில் எழுதிவருதல் நல்லதொரு பயிற்சியாகும். கட்டுரைப் பயிற்சியும் உடல்நலமும் உறவும் அதனால் ஒருங்கே வளரும். தம் வீட்டு வாயிலுக்கு வருவோர்க்கு ஒரு குவளை மோர் வார்த்து, "பருகுங்கள்" என்று தமிழில் கூறும் பிள்ளைகள் உள்ளவரை, திங்களூரில் அப்பூதியடிகள் இட்ட பந்தல் பிரிக்கப்படாது.