பலாலி விமான நிலையமும் தீராத காணிப் பிரச்சினையும்

பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று எழுதப்பட்டுள்ள போதிலும், எமது மக்கள் அதனை இன்றும் பலாலி என்றே அழைக்கின்றனர். அப்பெயரைக் கேட்டதும் விமானத்துடன் இராணுவ முகாமும், உயர் பாதுகாப்பு வலயமும், இழந்த காணியும் கூடவே நினைவுக்கு வருகின்றன. இதனாலேயே விமான நிலைய விரிவாக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வரவேற்பும் அச்சமும் ஒருசேர எழுகின்றன.

இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த தளம் இது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமான சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகவே சென்னைக்குச் சென்றது. இந்நாட்டின் தேசிய விமான சேவை தனது முதற் பயணத்திலேயே வடக்கில் தரையிறங்கியது என்பது கட்டுநாயக்காவில் இன்று இறங்கும் பலருக்கும் தெரியாத செய்தியாகும்.

பின்னர் யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாதிருப்பதன் வேதனையை எமது வாசகர்களில் எச்சமூகத்தவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலத்தில் பலாலியிலிருந்து பறப்பது சாதாரண பிரயாணமாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்ததில் அதிலிருந்த 55 பேரும் பலியாகினர். ஆயினும் 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டு மக்களுக்குக் கப்பலையும் விமானத்தையும் தவிர வேறு வழி இருக்கவில்லை.

2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டு, மறுமாதமே அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையை ஆரம்பித்தது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் நின்றுபோன அச்சேவை 2022 டிசெம்பர் 12 ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது. இண்டிகோ நிறுவனம் 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் சேவைகளை ஆரம்பித்தது. சிகிச்சைக்காகவும், தலயாத்திரைக்காகவும், வியாபாரத்துக்காகவும் தமிழகம் செல்வோர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கட்டுநாயக்கா வரை இரவிரவாகப் பயணம் செய்து, பின்னர் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்த விசித்திரம் இதனால் குறைந்தது. எனினும் இச்சேவைகளில் ஈடுபடுத்தப்பட்டவை எண்பதுக்கும் குறைவானோரை ஏற்றக்கூடிய ஏ.ரி.ஆர் ரகச் சிறு விமானங்களே.

பெரிய விமானங்கள் வரவேண்டுமாயின் ஓடுபாதை நீள வேண்டும். அதற்குக் காணி வேண்டும். யாருடைய காணி என்ற கேள்வியே இங்கு பிரதானமானது. 2013 இல் வலிகாமத்தில் 6 ஆயிரத்து 381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, காணி உரிமையாளர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015 முதல் ஒரு பகுதி படிப்படியாக விடுவிக்கப்பட்டமை உண்மையே. ஆனால் எஞ்சிய பகுதியில் எவ்வளவு விமான நிலையத்துக்குத் தேவை, எவ்வளவு முகாமுக்காக வைக்கப்பட்டுள்ளது என்பது உரியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்துக்கொண்டு அபிவிருத்தி பற்றிப் பேசினால் மக்கள் சந்தேகிக்கவே செய்வர்.

விமான நிலையம் விரிவடைய வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஓடுபாதைக்கு அவசியமான காணியின் நில அளவை வரைபடம் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் தமிழில் பகிரங்கமாக வைக்கப்படட்டும். அந்த எல்லைக்கு உட்பட்டோருக்குச் சட்டப்படியான நட்டஈடும் மாற்றுக் காணியும் வேலை தொடங்கும் முன்னரே கிடைக்கட்டும். எல்லைக்கு வெளியே உள்ள காணிகளை விடுவிப்பதற்கு விரிவாக்கம் முடியும் வரை காத்திருக்க எந்த அவசியமும் இல்லை.