பாலை ஓடையில் ஒரு மருத்துவரின் பெயர்



வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. அவர்களிடம் அந்நாட்டு மீனைப் பற்றிக் கேட்டால் ஹமூரைச் சொல்வார்கள், அறுக்குளாவைச் சொல்வார்கள். எல்லாம் கடல்மீன். அங்கே ஆறும் இல்லை, நம்மூரைப் போலக் குளமும் இல்லை, ஆகவே நன்னீர் மீனும் இருக்க முடியாது என்பதுதான் பலருடைய எண்ணம். அந்த எண்ணம் சரியானதல்ல. இம்மாத உரையில் அந்த மீன்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் கிழக்கிலும் ஓமானின் வடக்கிலும் ஹஜர் என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் பள்ளத்தாக்குகளை அரபு மொழியில் வாதி என்பார்கள். மழை பெய்தால் வெள்ளம் பாயும், மற்றக் காலத்தில் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். ஆனாலும் சில வாதிகளில் ஊற்று நீர் ஆண்டு முழுவதும் சுரந்து, பாறை மடுக்களில் தேங்கி நிற்கிறது. அந்த மடுக்களில்தான் இந்த மீன்கள் வாழ்கின்றன. ஒரு மடு வற்றினால் நீந்திப் போய்ச் சேர அடுத்த மடு பக்கத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

இந்தப் பகுதியின் மீன்களை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமான ஒருவர் ஓர் இந்தியர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஆத்மாராம் சதாசிவ் கிராண்டின் ஜயகர். 1844-ஆம் ஆண்டு பிறந்தவர், இந்திய மருத்துவச் சேவையைச் சேர்ந்தவர். மஸ்கட்டில் இருந்த பிரித்தானிய முகவர் நிலையத்தின் மருத்துவராக, 1900-ஆம் ஆண்டு வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார்.

மருத்துவம் பார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மீன், பல்லி, பாம்பு என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்து இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே பூலாஞ்சே என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். ஓமானின் ஒரு பல்லிக்கும் ஒரு கடற்குதிரைக்கும் ஹஜர் மலையின் காட்டாட்டுக்கும் இன்றும் ஜயகரின் பெயர்தான். காட்டாட்டுக்குப் பெயரிட்டவர் மட்டும் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்னும் வேறோர் அறிஞர். ஓமானின் ஓடைகளில் வாழும் ஒரு நன்னீர் உளுவைக்கும் அவர் பெயரே வழங்குகிறது: அவாவுஸ் ஜயகரி, 1888. ஓமானிய அரபுப் பேச்சு வழக்கைப் பற்றியும் அம்மக்களின் பழமொழிகளைப் பற்றியும் அவர் எழுதினார். வந்த நாட்டின் மொழியையும் உயிரினங்களையும் ஒருசேரக் கற்ற மனிதர் அவர்.

இனி இந்த மீன்களை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

முதலாவது, காரா என்னும் சிறுமீன். விரல் நீளம்தான் இருக்கும். வாய் முகத்தின் முன்புறத்தில் இராது, அடிப்பக்கத்தில் இருக்கும். சிறு மீசை உண்டு. கீழுதட்டின் பின்னால் உள்ள ஒரு தட்டினால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். நீரில் காலை வைத்தால் வந்து கடித்துப் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். 1956-ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட காரா பரைமியே என்ற இனம், அல் அய்ன் நகரை ஒட்டியுள்ள புரைமியின் பெயரைத் தாங்கியது. ஓமானின் அல் ஹூத்தா குகையில் வாழும் காரா மீன்களுக்குப் பார்வை கிடையாது. குஞ்சாக இருக்கும்போது சிறு கண்கள் தெரியும், வளர வளர அவை மறைந்துவிடும். நமக்கும் இந்த மீன் முற்றிலும் அந்நியமல்ல. இதே காரா இனத்தைச் சேர்ந்த காரா சிலோனென்சிஸ் இலங்கை ஓடைகளில் உண்டு.

இரண்டாவது, ஜயகரின் உளுவை. நெஞ்சுக்குக் கீழே உள்ள இரண்டு துடுப்புகளும் ஒன்றாக இணைந்து கிண்ணம்போல இருக்கும். இந்த வகை உளுவைகளின் குஞ்சுகள் கடலுக்குப் போய் வளர்ந்து மீண்டும் ஓடைக்குத் திரும்புபவை. ஆகவே ஓடைக்கும் கடலுக்கும் இடையிலான வழி அடைபட்டால் இவற்றின் வாழ்வும் அடைபட்டுவிடும்.

மூன்றாவது, அஃபானியோப்ஸ் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன். வாய் மேல்நோக்கி இருக்கும், ஆண்மீனின் வாலில் கரும்பட்டைகள் தெரியும். உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழும். நுளம்புக் குடம்பிகளை விரும்பித் தின்பதால் மனிதருக்கு நேரடியாகவே உதவுவது.

இந்த மீன்களுக்கு மனிதர் வெட்டிய வாய்க்கால்களும் வீடாயின. மலையடி நீரை நிலத்தடிச் சுரங்கம் வழியாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் முறையை ஃபலஜ் என்பார்கள். அல் அய்னுக்கு அருகே ஹிலியில் சுமார் 3,000 ஆண்டுகள் பழமையான ஃபலஜ் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பகலில் நிழலையும் இரவில் விண்மீனையும் பார்த்து நேரம் கணித்து அந்த நீரைப் பங்கிட்டார்கள். நம் வயல்களில் வட்டவிதானை முறைவைத்துத் தண்ணீர் விட்டதை அறிந்த பெரியவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

ஆழ்கிணறும் இயந்திரப் பம்பும் பெருகியபின் நிலத்தடி நீர் கீழே போயிற்று. பல ஃபலஜ்கள் வறண்டன. பஹ்ரெய்னில் புகழ்பெற்றிருந்த அதாரி ஊற்று தானாகப் பாய்வதை நிறுத்தியது. ஊற்று வற்றினால் அதில் வாழும் மீன்களும் அத்தோடு முடிந்துபோகும்.

அடுத்த ஆபத்து வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்படும் மீன்கள். திலாப்பியாவை நமக்கு நன்றாகத் தெரியும். 1950-களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, குளத்தை அண்டி வாழ்ந்த எத்தனையோ ஏழை வீடுகளின் உலையில் கொதித்த மீன் அது. அதனைப் பழிக்க நமக்கு மனம் வராது. ஆனால் வாதியின் சிறு மடு இரணைமடுக் குளமல்ல. அமீரகத்தின் சில ஓடைகளிலும் அணை நீரிலும் திலாப்பியா விடப்பட்டிருக்கிறது. விரைவாகப் பெருகும் அந்த மீன் சிறுமடுவின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டால், அங்கேயே தோன்றி வாழ்ந்த சிறுமீனுக்குப் போக்கிடம் இல்லை.

பாதுகாப்பு முயற்சிகளும் நடந்துள்ளன. புஜைராவில் உள்ள வாதி வுரையா 2009-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 12,700 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடம் 2010-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. விடுமுறைக்கு வருவோர் விட்டுச்சென்ற குப்பையும் பாறைகளில் எழுதிய கிறுக்கல்களும் மிகுந்ததனால், 2013-இன் இறுதியில் பொதுமக்களுக்கு அது மூடப்பட்டது. 2018-இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

நேயர்களே, குடிபெயர்ந்து வாழும் நாம் இந்தக் கதையிலிருந்து தவறான பாடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்று இது சொல்லவில்லை. மஸ்கட்டுக்கு ஜயகரும் வெளியிலிருந்துதான் போனார். திலாப்பியாவுக்குத் தான் எந்த நீரில் இருக்கிறது என்பது தெரியாது. மனிதன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தெரிந்தபின் காக்கலாம். ஊரில் எந்தக் குளத்தில் விரால், எந்த மடுவில் கெளுத்தி என்று நம் பெற்றோர் அறிந்திருந்தார்கள். அந்தக் குளங்களை விட்டு வந்துவிட்டோம். அறியும் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடத் தேவையில்லை.

வளைகுடாவில் இருக்கும் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள். வாதிக்குப் போனால் மடுவில் சவர்க்காரம் போடவேண்டாம், மீனைப் போத்தலில் அடைத்து எடுத்து வரவேண்டாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை எந்த ஓடையிலும் குளத்திலும் விடவேண்டாம். நாம் வாழும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, குனிந்து பார்த்து, வாய் எங்கே, மீசை உண்டா, வாலில் பட்டை உண்டா என்று கேளுங்கள். பெயர் தெரிந்த மீன் காணாமற்போனால் மட்டுமே அது காணாமற்போனதாவது நமக்குத் தெரியவரும்.