தனக்குத்தானே எழுதிக்கொண்ட அரசர்

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்கஸ் அரேலியஸ் எழுதிய ‘தியானங்கள்’ பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வரிகள் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வரைக்கும் வந்தாச்சு. ஆனால் தியானம்னு சொன்னதும் நமக்குத் தோன்றுகிற கண்மூடி உட்காரும் பழக்கம் எதுவும் அதில் கிடையாது. அந்தத் தலைப்பும் பின்னால் வந்ததுதான். ‘தனக்குத்தானே’ என்பதுதான் பழைய பெயர். அதாவது, ஊருக்குச் சொன்ன உபதேசம் இல்லை, தன்னோடு பேசிக்கொண்டது.

எழுதிய இடத்தைப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஒரு பகுதியில் கிரான் ஆற்றங்கரை என்று குறிப்பு இருக்கிறது, இன்றைய ஸ்லோவாக்கியா. இன்னொன்றில் கார்னுன்டம், இன்றைய ஆஸ்திரியா. இரண்டுமே டான்யூப் எல்லைப் போர் நடந்த பகுதிகள். கிழக்கே போருக்குப் போன படை கொண்டுவந்த கொள்ளைநோய் வேறு பேரரசு முழுக்கப் பரவியிருந்தது. அவருக்குப் பிறந்த பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ‘நான் யார்’ என்று தன்னைப் பார்க்கும்போது என்ன எழுதுவார்? எனக்கு மிகவும் பிடித்தது 12 பகுதிகளில் முதலாவது. அது முழுக்க ஒரு நன்றிப் பட்டியல். 17 பத்திகள். தாத்தாவிடமிருந்து இது, அம்மாவிடமிருந்து எளிமையான வாழ்க்கை, ஆசிரியர் ரஸ்டிகஸிடமிருந்து எபிக்டெடஸின் நூல் என்று போகிறது. எபிக்டெடஸ் அடிமையாக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பந்தய மைதானத்தில் பச்சைக் கட்சி, நீலக் கட்சி எதிலும் சேராதே என்று சொல்லிக்கொடுத்த, பெயர் குறிப்பிடாத ஒருவரும் அதில் இருக்கிறார்.

அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அவரைப் பற்றிக் கேட்டதிலிருந்தும் நினைவில் இருப்பதிலிருந்தும் கற்றது என்றுதான் மார்கஸ் எழுதுகிறார். அரைகுறை ஞாபகத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார் மனுஷன்!

யார் இல்லை என்பதும் முக்கியம். 138இல் ஹாட்ரியன், தன் வாரிசாக அன்டோனினஸைத் தத்தெடுத்தார். அவர் மார்கஸைத் தத்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரியணைக்கு வழி போட்டவர் ஹாட்ரியன்தான். ஆனாலும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வளர்த்த அன்டோனினஸுக்கோ நீளமான பத்தி. பதவி கொடுத்தவரை விட்டுவிட்டு, குணம் கொடுத்தவர்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார் என்றே நான் இதை வாசிக்கிறேன். தான் ஜெயித்த போர் ஒன்றுகூட அங்கே வரவில்லை.

இந்தத் தன்னறிவால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அவருக்குப் பின் வந்த மகன் கொம்மொடஸ் மோசமான ஆட்சியாளர் என்று பேரெடுத்து 192இல் கொல்லப்பட்டார். பட்டியல் எழுதிய கையால் மகனை மாற்ற முடியவில்லை.

ஆனாலும் சாவு சூழ்ந்த முகாமில் ஒரு மனிதரை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கிறது அது. தனக்குள் தேடப் போனவர் அங்கே கண்டது அம்மாவையும் தாத்தாவையும் வாத்தியார்களையும்தான். உங்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது?