பத்தொன்பது ஆலயங்களும் ஒரு கவிதையும்

ஆங்கிலத்தில் எழுந்த புதுமுறைக் கவிதையைக் குறித்து நம் போதகரிடையே ஓர் எண்ணம் நிலவுகின்றது. யாப்பைத் துறந்து, பொருள் தொடர்பை அறுத்து, வாசிப்போரைத் திகைக்க வைப்பதே அதன் நோக்கம் என எண்ணுகின்றோம். விசுவாசம் இழந்த தலைமுறைக்கு எடுத்துக்காட்டாக அருளுரையில் அதனைச் சுட்டிவிட்டு அப்பால் செல்கின்றோம். இத்தீர்ப்பு வரலாற்றின் முன் நிற்குமா? டி. எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட 'தி வேஸ்ட் லேண்ட்', அதாவது 'பாழ்நிலம்', என்னும் கவிதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

எலியட் 1888இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், திரியேகக் கோட்பாட்டை ஏற்காத யூனிடேரியன் சபைக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1917 முதல் 1925 வரை லண்டனின் 'சிட்டி' என்னும் வணிகப் பகுதியில் லாயிட்ஸ் வங்கியில் பணியாற்றினார். அப்பகுதியில் வங்கிகளுக்கு நடுவே பழைய ஆலயங்கள் பல நின்றன. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் எழுப்பியவை அவற்றுட் பல. ஆனால் மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டமையால் ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் மிகச் சிலரே. நிலத்தின் விலையோ மிக உயர்ந்திருந்தது. எனவே 19 ஆலயங்களை அகற்றிவிடலாம் என லண்டன் பேராயர் நியமித்த ஆணைக்குழு 1920இல் பரிந்துரைத்தது. அந்நிலங்களை விற்ற பணம் புறநகர்ச் சபைகளுக்கு உதவும் என்பது அதன் வாதம்.

இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. சபையில்லாத கட்டடத்தைக் காப்பதா, கட்டடமில்லாத சபைக்கு உதவுவதா என்னும் கேள்வி எந்தத் திருமண்டலத்திற்கும் எழக்கூடியதே. எலியட் அப்போது திருச்சபை அங்கத்தினர் அல்லர். எனினும் 1921இல் ஓர் அமெரிக்க இதழுக்கு அனுப்பிய மடலில், இவ்வாலயங்களின் அழிவு நகருக்குப் பேரிழப்பாகும் என வருந்தி எழுதினார்.

அடுத்த ஆண்டு கவிதை வெளிவந்தது. ஐந்து பகுதிகள் கொண்ட அதில் பல குரல்களும் பல மொழிகளும் முன்னறிவிப்பின்றி ஒன்றையொன்று இடைமறிக்கின்றன. முதற்பகுதியின் தலைப்பு, பொது ஜெபப் புத்தகத்தில் உள்ள அடக்க ஆராதனை ஒழுங்கிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாம் பகுதியின் தலைப்பு புத்தரின் போதனையை நினைவூட்டுகின்றது. ஐந்தாம் பகுதி உபநிடதத்தை நாடுகின்றது. செயின்ட் மேரி வுல்னாத், செயின்ட் மேக்னஸ் மார்ட்டர் ஆகிய இரு சிட்டி ஆலயங்களும் பெயருடன் இடம்பெறுகின்றன. நூல் வடிவில் சேர்க்கப்பட்ட குறிப்புகளுள் ஒன்று, 19 ஆலயங்களை இடிப்பது பற்றிய அறிக்கையையே சுட்டுகின்றது.

இங்கேதான் வடிவத்தின் காரணம் புலனாகின்றது. போரினால் சிதைந்த உலகைச் சீரான செய்யுளில் பாடுவது பொய்யாகும் எனக் கவிஞர் கருதினார் எனலாம். நண்பர் எஸ்ரா பவுண்ட் மூலப்படியில் பெரும்பகுதியை வெட்டிக் குறைத்தார். 1971இல் வெளியான கையெழுத்துப் படிகள் அவ்வுழைப்பைக் காட்டுகின்றன. ஆகவே அந்தச் சிதறல் கவனக்குறைவன்று. சிதறியவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் பணியாகும்.

எனினும் இக்கவிதையை மனந்திரும்புதலின் சாட்சியாகக் கொள்வதும் பிழையே. எலியட் இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றது 1927 ஜூன் மாதத்தில்தான். பின்னர் நிகழ்ந்ததை முன்னர் எழுதப்பட்டதனுள் புகுத்துவது வரலாற்று முறையாகாது. ஆலயங்களை அகற்றும் திட்டத்தைப் பாராளுமன்ற மக்களவை 1926இல் நிராகரித்தது. கவிதை சுட்டிய இரு ஆலயங்களும் இன்றும் நிற்கின்றன. 1934இலோ, லண்டன் திருமண்டலம் புறநகர்களில் 45 ஆலயங்களுக்கென நிதி திரட்டியபோது, அதற்காக அரங்கேறிய 'தி ராக்' என்னும் நாடகத்தின் உரையை எழுதியவர் எலியட்டே. பழைய ஆலயங்களுக்காக வருந்தியவர், புதிய சபைகளின் தேவையையும் உணர்ந்தார்.

அதே 1934இல் அவர் வெளியிட்ட சொற்பொழிவு நூலொன்றில், ஒருமித்த கிறிஸ்தவப் பண்பாட்டை விரும்பி, சுதந்திரச் சிந்தனை கொண்ட யூதர் பெருந்தொகையில் அதில் இருப்பது விரும்பத்தக்கதன்று என்னும் கருத்துப்பட எழுதினார். அந்நூலை அவர் மறுபதிப்புச் செய்யவில்லை. ஆயினும் எழுதியது எழுதியதே. ஆலயத்தை நேசித்த இதயத்தில் அயலானுக்கு இடமற்றுப்போனதை நாம் மறைத்தலாகாது. அந்தச் சோதனை நமக்கும் உண்டு.

இறையியல் மாணவர் இத்தகைய கவிதையை அது பிறந்த தெருவோடும், ஆலயத்தோடும், வெறுமையாய்க் கிடந்த இருக்கைகளோடும் சேர்த்து வாசிப்பாராக. அப்பொழுது அருளுரைக்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்றை அவர் இழக்கக்கூடும். ஆனால் ஆலயத்திற்குள் வராத மனிதன் அதன் வாசலில் நின்று எதனைத் தேடுகிறான் என்பதைக் கேட்கும் செவியைப் பெறுவார். போதகருக்கு வேண்டுவது அச்செவியே.