பற்றரி செத்தால் ரயிலும் ஊமை: மொடல் எஞ்சின்களின் சத்தத்துக்கு ஒரு சிறு வரலாறு

விளையாட்டு ரயில் எண்டால் சின்னப்பிள்ளைகளின் சாமான் என்று லேசாகக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அமெரிக்காவில் தொண்ணூறு வருசத்துக்கு முதல் செய்த மொடல் ரயில்கள் இன்றைக்கும் கூவிக்கொண்டு ஓடுகின்றன. முப்பது வருசத்துக்கு முதல் செய்த, அவற்றைவிட எவ்வளவோ நவீனமான சில ரயில்கள் ஊமையாகி அலுமாரிக்குள் கிடக்கின்றன. பழையது பிழைக்க, புதியது ஏன் செத்தது? இந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டுத் தொழில்நுட்ப வரலாறு இருக்கிறது.

காற்றால் கூவிய ரயில்

ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயோர்க்கில் தொடங்கிய கம்பனிதான் லயனல். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் அதையும் விட்டுவைக்கவில்லை. 1934-இல் கம்பனி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகத்தின் கீழ் போனது. அதிலிருந்து மீண்ட 1935-இல்தான் லயனல் தன் ரயிலைக் கூவ வைத்தது.

நீராவி எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணியும் ஏற்றிவரும் ஒரு பெட்டி இருக்கும். மொடலில் அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டி மோட்டர், ஒரு விசிறி, இரண்டு காற்றறைகள். மோட்டர் சுற்ற, விசிறி காற்றை அறைகளுக்குள் தள்ள, இரண்டு சுரம் சேர்ந்து கூவல் வரும். ஸ்பீக்கர் கிடையாது, பதிவுசெய்த ஒலியும் கிடையாது. உண்மையிலேயே காற்றுத்தான் கூவுகிறது.

கூவச் சொல்லி ஓடுகிற ரயிலுக்கு எப்படிச் சொல்வது? தண்டவாளத்தில் போவது ஆடலோட்டம். பட்டனை அழுத்தினால் அதோடு கொஞ்சம் நேரோட்டமும் சேரும். பெட்டிக்குள் இருக்கும் ரிலே ஆடலோட்டத்தைக் கணக்கெடுக்காது. நேரோட்டம் வந்தால் மட்டும் இழுபட்டு, மோட்டருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த ஆட்கள் இதை ரசிப்பார்கள்.

இந்த விசில் பழுதானால் என்ன செய்வது? மோட்டரின் செப்புத் தகட்டில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். காபன் தூரிகைகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். தண்டு சுற்றும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு சொட்டுத்தான்! கூடிப்போனால் எண்ணெய் தூரிகைக்குப் பரவி, இருந்ததும் கெட்டுப்போகும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நேரோட்டத்தை உண்டாக்கும் பழைய தட்டு பழுதானால், அந்த இடத்தில் இன்றைய சிலிக்கன் டயோட் ஒன்றைப் போடலாம். கண்ணுக்குத் தெரிகிற பழுது, கைக்கு எட்டுகிற திருத்தம்.

சத்தம் மறைந்த காலம்

1950களில் டீசல் எஞ்சின்கள் வேகமாகப் பரவின. பெரிய ரயில் கம்பனிகளில் கடைசிவரை நீராவியோடு நின்ற நோர்போக் அண்ட் வெஸ்டேர்ண் கம்பனியும் 1960-இல் அதைக் கைவிட்டது. அந்தக் கடைசி வருசங்களில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் அந்தப் பாதையோரமாக இரவிரவாக அலைந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. பலர் கவனிக்காத விசயம், அவர் கூடவே எஞ்சின்களின் சத்தத்தையும் நாடாவில் பதிந்து, இசைத்தட்டுகளாக வெளியிட்டார் என்பது. படத்தில் புகை இருக்கும், மூச்சு இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நிஜ எஞ்சின்கள் நின்றபிறகு மொடல் எஞ்சினின் சத்தத்துக்கு வேறொரு பெறுமதி வந்தது. 1970களில் பசிபிக் பாஸ்ட் மெயில் என்ற அமெரிக்கக் கம்பனி ஒரு ஒலி அமைப்பை விற்றது. சத்தத்தை உண்டாக்கும் கருவி மேசையில் இருக்கும். சத்தம் மின்னலையாகத் தண்டவாளம் வழியே போய், ரயிலுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் ஒலிக்கும். ஓட்டுகிற நேரோட்டம் ஸ்பீக்கருக்குள் புகாமல் ஒரு கொள்ளளவி மறிக்கும். சில்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு மின்தொடுப்பு, சில்லின் சுற்றுக்குச் சரியாக ‘சுக்’ சத்தத்தை விழ வைக்கும். இதைப் பராமரிப்பதும் பெரிய வித்தையில்லை. தொடுப்பைத் துடைப்பது, காய்ந்த கொள்ளளவியை மாற்றுவது, கிழிந்த ஸ்பீக்கர் கடதாசியைப் பார்ப்பது.

சிப் வந்த கதை

1990களில் சத்தம் சிப்புக்குள் போனது. பாடகர் நீல் யங்கை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். உடல் இயக்கக் குறைபாடுள்ள தன் மகனும் ரயிலை இயக்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை லயனலின் கட்டுப்பாட்டு, ஒலித் தொழில்நுட்பங்களுக்குள் இழுத்து வந்தது. அதே காலத்தில் எம்.ரி.எச் என்ற போட்டிக் கம்பனி ‘புரொட்டோசவுண்ட்’ என்ற அமைப்பைக் கொண்டு வந்தது. மணி, விசில், மூச்சு என்று எல்லாம் பதிவுசெய்த ஒலிகள்.

ஆனால் அதற்குள் ஒரு பற்றரி இருந்தது. இந்த வகை ரயிலின் திசையை மாற்ற மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தில் சத்தம் அறாமல் தாங்குவது 8.4 வோல்ற்று மீள்மின்னேற்றப் பற்றரி. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்சாரம் நின்றபின் சிப் தன் நிலையை நினைவகத்தில் எழுதி முடிக்கும்வரை உயிர் கொடுப்பதும் அதுதான். பற்றரி பலவீனமானால் எழுத்துப் பாதியில் நிற்கும், நினைவு குழம்பிப்போகும். மோட்டர் நல்லம், சில்லு நல்லம், ஆனால் ரயில் சொல்வழி கேளாது.

அதனால்தான் வருசக்கணக்காகக் கிடந்த ரயிலை எடுத்த கையோடு ஓட்டாதே என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். முதலில் பற்றரிக்கு மின்னேற்று, அல்லது புதுசு போடு. நீண்டகாலம் கட்டிவைப்பதானால் பற்றரியைக் கழற்றி வை, கசிந்து பலகையை அரித்துவிடும். சிலர் பற்றரிக்குப் பதிலாகக் கொள்ளளவித் தொகுதி ஒன்றைப் போடுகிறார்கள். அது பற்றரியைப்போல லேசில் கிழடாகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட்டமுதல் தண்டவாளத்தில் கொஞ்சநேரம் நிறுத்தி அதை நிரப்ப வேண்டும்.

சிப்பே குழம்பிவிட்டால் எண்ணெய்ச் சொட்டு உதவாது. அந்த எஞ்சினுக்குரிய சிப்தான் வேண்டும். எம்.ரி.எச் நிறுவனர் 2020-இல் ஓய்வை அறிவித்தார். கம்பனியின் அச்சுகளில் ஒரு பகுதி வேறு கம்பனிகளுக்குக் கைமாறியது. பழைய சிப்புகளுக்காக ஆட்கள் தேடி அலைகிறார்கள். இல்லாவிட்டால் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டலாம். ரயில் ஓடும், சத்தமும் போடும். ஆனால் அது வேறொரு பதிவு, வேறொரு குரல்.

யார் கையில் இருக்கிறது?

இதில் நாங்கள் பார்ப்பது தரத்தின் வித்தியாசத்தை இல்லை. 1990களின் சத்தம் 1935-இன் விசிலைவிட நிஜத்துக்கு எவ்வளவோ கிட்ட. வித்தியாசம், திருத்தும் அறிவு யாரிடம் இருக்கிறது என்பதில். லயனல் தன் விசிலைத் திருத்தும் முறையைக் கையேடாக அச்சடித்துத் திருத்துநர்களுக்குக் கொடுத்தது. அந்தக் கடைகள் மூடினாலும் கையேடு தப்பியது. சிப்புக்குள் இருக்கும் நிரலோ செய்தவரோடு போய்விடுகிறது. ஆகவே பழைய பலகையைக் கழற்றுகிறவர்கள் அதை எறியாமல், எந்த எஞ்சினுக்குரியது என்று எழுதி ஒட்டி வைப்பது நல்லது. நாளைக்கு யாரோ ஒருவர் அதை வாசிக்க வழி கண்டுபிடிப்பார்.

மொடல் ரயில் எங்கள் வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். கசெற்றுகள் இருக்கின்றன, ஊதிப்போன பற்றரியோடு பழைய போன்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வெளிநாடு போன மாமாவின், இல்லாமல் போன அம்மம்மாவின் குரல் இருக்கும். கசெற் நாடா அறுந்தால் ஒட்டலாம். போன் செத்தால் அவ்வளவு லேசில்லை. அலுமாரியில் எது கிடக்கு எண்டு இந்தக் கிழமையே ஒருக்கா பாருங்கோ. ஊதின பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றாமல் திருத்துகிற ஆளிடம் கொண்டுபோய், உள்ளே இருப்பதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கோ.